பென்ஸாயினிலிருந்து குவினாக்ஸலின் வரை: கழிவைக் குறைத்துத் தொகுக்கப் பழகுவோருக்கு

பசுமை வேதியியல் வகுப்புகள் பெரும்பாலும் பன்னிரண்டு கொள்கைகளோடு தொடங்கி அவற்றோடே முடிந்துவிடுகின்றன. பால் அனஸ்டஸும் ஜான் வார்னரும் 1998இல் வகுத்த அந்தப் பட்டியலில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஃபிளாஸ்க்கைக் கையில் எடுக்கும் மாணவருக்கு எதை மாற்றுவது, எவ்வளவு மாற்றுவது என்று அது சொல்வதில்லை. அதற்குத் தராசு வேண்டும். உள்ளே போனதை எடைபோட வேண்டும், வெளியே வந்ததை எடைபோட வேண்டும், வித்தியாசம் எந்தக் கழிவுப் பாட்டிலில் கிடக்கிறது என்று பார்க்க வேண்டும்.

இதைப் பழகிக்கொள்ள மூன்று படித் தொடர் ஒன்றை எடுத்துக்கொள்வோம்: பென்ஸால்டிஹைடிலிருந்து பென்ஸாயின், அதிலிருந்து பென்ஸில், அதிலிருந்து 2,3-டைஃபினைல்குவினாக்ஸலின். மூன்றும் படிகமாக வருபவை. உருகுநிலை பார்த்தே தூய்மையைச் சொல்லிவிடலாம், சிலிக்கா நிரப்பிய குழாய் (காலம்) வழியாக ஓட்டிப் பிரித்தெடுக்கும் வேலை இல்லை. பழைய முறையில் முதல் படிக்குச் சயனைடும் இரண்டாம் படிக்கு அடர் நைட்ரிக் அமிலமும் தேவை. ஆகவே மாற்றவும் ஒப்பிடவும் இங்கே நிறைய இடமுண்டு. கீழே வரும் வெப்பநிலைகள் எல்லாம் செல்சியஸில்.

எதை எண்ணுவது

முதல் கணக்கு அணுச் சிக்கனம். பாரி டிராஸ்ட் 1991இல் முன்வைத்தது. விளைபொருளின் மூலக்கூறு எடையை, சமன்செய்த சமன்பாட்டில் இடப்பக்கம் உள்ள எல்லாவற்றின் கூட்டு எடையால் வகுத்து 100ஆல் பெருக்க வேண்டும். தாளிலேயே முடிந்துவிடும் கணக்கு. கரைப்பான், அதிகப்படியாகச் சேர்த்த கெமிக்கல், கிடைக்காமல் போன விளைச்சல் எதுவும் இதில் வராது.

இரண்டாவது, ரோஜர் ஷெல்டன் 1992இல் கொடுத்த ஈ-காரணி. உள்ளே போட்ட மொத்த எடையிலிருந்து விளைபொருளின் எடையைக் கழித்து, மிச்சத்தை விளைபொருளின் எடையால் வகுக்க வேண்டும். ஒரு கிராம் சரக்குக்கு எத்தனை கிராம் கழிவு என்பதுதான் இது. எண்ணெய் சுத்திகரிப்பில் 0.1க்கும் கீழே, பெரும்படி கெமிக்கல்களில் 1 முதல் 5, மருந்துத் தயாரிப்பில் 25 முதல் 100க்கும் மேல் என்று ஷெல்டன் காட்டினார். மருந்துக் கழிவின் பெரும்பங்கு கரைப்பான்தான். வழக்கமாக இக்கணக்கில் தண்ணீரைச் சேர்ப்பதில்லை. நோட்டில் தண்ணீருக்குத் தனி வரி ஒதுக்குங்கள், விடாதீர்கள்.

மூன்றாவதை எண்ணில் அடக்குவது கடினம்: போட்டதும் வந்ததும் எவ்வளவு ஆபத்தானவை? இதை ஏன் தனியாகப் பார்க்க வேண்டும் என்பதற்குப் பென்ஸாயினே சாட்சி. இரண்டு பென்ஸால்டிஹைடு மூலக்கூறுகள் அப்படியே ஒட்டிக்கொள்வதால் எந்த வினையூக்கியைப் போட்டாலும் அணுச் சிக்கனம் 100%. அந்தக் கணக்கு பழைய வினையூக்கியான சயனைடையும் நாம் போடப்போகும் தயமினையும் (வைட்டமின் பி1) பிரித்தறியாது. ஈ-காரணி இன்னும் மோசம். பழைய செய்முறையில் 50 கிராம் பென்ஸால்டிஹைடு, 65 மில்லி ஸ்பிரிட் (எத்தனால்), 5 கிராம் சோடியம் சயனைடு போட்டு அரை மணி நேரம் கொதிக்கவைத்தால் 46 கிராம் கச்சாப் பென்ஸாயின் கிடைக்கும், ஈ-காரணி 1.3. கீழே தரும் தயமின் முறையில் 2.6 அளவுக்கு வரும். எண்ணை மட்டும் நம்பினால் சயனைடுதான் பசுமை! ஆனால் வளர்ந்த ஆள் ஒருவரைக் கொல்ல 200–300 மில்லிகிராம் சோடியம் சயனைடு போதும், தவறி அமிலம் பட்டால் ஹைட்ரஜன் சயனைடு வாயு வரும். ஈ-காரணியைக் கேடு என்ற இன்னொரு எண்ணால் பெருக்க வேண்டும் என்று ஷெல்டனே சொன்னது இதனால்தான். அந்த இரண்டாம் எண்ணை எல்லாரும் ஒப்புக்கொள்ளும்படி அளக்க வழியில்லை என்பது வேறு விஷயம்.

தொழிற்சாலையிலும் இதே சிக்கல் உண்டு. ஐபுப்ரோஃபென் தயாரிப்பில் பூட்ஸ் நிறுவனத்தின் பழைய ஆறுபடி வழியின் அணுச் சிக்கனம் 40%. டெக்சாஸின் பிஷப் நகரில் 1992இல் தொடங்கிய பி.எச்.சி. நிறுவனத்தின் மூன்றுபடி வழியில் 77%. எல்லாப் பாடநூலும் இந்த இரண்டு எண்களைச் சொல்லும். புதிய வழியின் முதல் படியில் வினையூக்கியாகவும் கரைப்பானாகவும் இருப்பது கடும் நச்சான நீரற்ற ஹைட்ரஜன் ஃபுளோரைடு என்பதை மட்டும் மெதுவாகச் சொல்லும். அதை மூடிய அமைப்பில் மீட்டு மீட்டுப் பயன்படுத்துகிறார்கள். அதே சரக்கைக் கல்லூரி லேபில் யாரும் பசுமை என்று கொண்டாட முடியாது.

தொடங்கும் முன்

கழிவுப் பாட்டில்கள் இரண்டு எடுங்கள். ஒன்றில் "ஹாலஜன் இல்லாத கரிமக் கழிவு", மற்றதில் "தாமிரம், நைட்ரேட் கலந்த நீர்க் கழிவு" என்று எழுதி ஒட்டுங்கள். இரண்டையும் மூடியோடு எடைபோட்டு எடையை லேபிளிலேயே குறித்துவிடுங்கள். வேலை முடிந்ததும் மறுபடி எடைபோட்டால் உங்கள் கழிவு எவ்வளவு என்பது கண்முன் நிற்கும். நோட்டுக் கணக்குக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இருந்தால், கழுவும்போது ஊற்றிய அசிட்டோனை எழுத மறந்திருப்பீர்கள். பெரும்பாலும் அதுதான் காரணம்.

கண்டென்சருக்குக் குழாய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு சிங்க்கில் ஓடவிடும் பழக்கத்தை முதலில் நிறுத்த வேண்டும். நிமிடத்துக்கு ஒரு லிட்டர் என்று வைத்தாலும் ஒன்றரை மணி நேர ரிஃப்ளக்ஸுக்கு (ஆவி குளிர்ந்து குடுவைக்கே திரும்பும்படி கொதிக்கவிடுவதற்கு) 90 லிட்டர். ஏர் கூலரில் போடும் சின்ன மோட்டாரை ஒரு வாளித் தண்ணீரில் முக்கி, தண்ணீர் வாளிக்கே திரும்பும்படி குழாயைப் பூட்டினால் 10 லிட்டரில் வேலை முடியும். சித்திரை, வைகாசியில் மேல்நிலைத் தொட்டித் தண்ணீர் வெந்நீராக வரும் ஊர்களில் இது தண்ணீர்ச் சிக்கனம் மட்டுமல்ல. வாளியில் இரண்டு கை ஐஸ் போட்டால் குழாய்த் தண்ணீரைவிட நன்றாகவே குளிரும். கண்டென்சரில் தண்ணீர் கீழ்முனையில் நுழைந்து மேல்முனையில் வெளியேற வேண்டும். குழாய் மாட்டிய இடங்களைக் கம்பியால் கட்டுங்கள். ஹாட் பிளேட்டின் ஒயர் வாளிப் பக்கம் போகக் கூடாது.

முதல் படி: தயமின் கொண்டு பென்ஸாயின்

வோலரும் லீபிகும் 1832இல் சயனைடு கொண்டு கண்டது இந்த வினை. தயசோலியம் உப்பும் இதே வேலையைச் செய்யும் என்று ஜப்பானில் உகாய் குழுவினர் 1943இல் காட்டினார்கள். எப்படிச் செய்கிறது என்பதை ரொனால்ட் பிரெஸ்லோ 1958இல் விளக்கினார். தயமினின் தயசோலியம் வளையத்தில் கந்தகத்துக்கும் நைட்ரஜனுக்கும் நடுவே உள்ள கார்பனிலிருந்து காரம் ஒரு புரோட்டானைப் பிடுங்குகிறது. அந்தக் கார்பன் சயனைடைப் போல ஆல்டிஹைடைத் தாக்குகிறது. வைட்டமின் பி1 நம் உடம்பில் பைருவேட்டைக் கையாள்வதும் இதே கார்பனால்தான்.

தேவையானவை: தயமின் ஹைட்ரோகுளோரைடு 1.5 கிராம், தண்ணீர் 2 மில்லி, 95% ஸ்பிரிட் 15 மில்லி, 3 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு கரைசல் 3 மில்லி, அமிலம் நீக்கிய பென்ஸால்டிஹைடு 9 மில்லி.

1. பென்ஸால்டிஹைடைச் சோதியுங்கள். பாட்டில் மூடியைச் சுற்றி வெள்ளைப் பொருக்கு இருந்தால் அது பென்ஸோயிக் அமிலம். காற்றுப் பட்டு ஆக்சிஜனேற்றம் அடைந்திருக்கிறது. பொருக்கு இல்லையென்றாலும் அரை மில்லி எடுத்து, நிறைவுற்ற சோடியம் பைகார்பனேட் கரைசலோடு குலுக்கிப் பாருங்கள். நுரைத்தால் அமிலம் இருக்கிறது. அப்படியானால் 5% சோடியம் கார்பனேட் கரைசலால் இருமுறை, தண்ணீரால் ஒருமுறை கழுவி, நீரற்ற சோடியம் சல்பேட்டில் கால் மணி நேரம் உலர்த்துங்கள். இந்த வினைக்கு இது போதும். 179 டிகிரியில் வடித்து எடுத்து மின்சாரத்தைச் செலவழிக்கத் தேவையில்லை.

2. 50 மில்லி கூம்புக் குடுவையில் தயமினைத் தண்ணீரில் கரையுங்கள். ஸ்பிரிட்டை ஊற்றி, ஐஸ் தண்ணீரில் வையுங்கள்.

3. தெர்மாமீட்டர் உள்ளே இருக்கட்டும். சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலையும் குளிரவைத்து, பத்து நிமிடத்துக்குக் குறையாமல் சொட்டுச் சொட்டாக விடுங்கள். 20 டிகிரியைத் தாண்ட விடாதீர்கள். கரைசல் மஞ்சளாகும்.

4. பென்ஸால்டிஹைடை மொத்தமாகச் சேர்த்துச் சுழற்றிக் கலக்குங்கள். மூடி, லேப் அலமாரியில் வைத்துவிடுங்கள். ஏ.சி. அறை வேண்டாம், நம் ஊர் 30 டிகிரி இந்த வினைக்கு இலவச அடுப்பு. ஒன்றிரண்டு நாளில் படிகம் கட்டியாக விழுந்திருக்கும். அவசரமென்றால் 60 டிகிரி வாட்டர் பாத்தில் ஒன்றரை மணி நேரம். ஆனால் அந்தச் சூட்டில் தயமினும் சிதையும் என்பதால் 65 டிகிரிக்கு மேல் போக வேண்டாம்.

5. ஐஸில் குளிரவைத்துப் புக்னர் புனலில் வடிகட்டுங்கள். 10 மில்லி ஐஸ் தண்ணீரால் இருமுறையும், 3 மில்லி ஐஸ் ஸ்பிரிட்டால் ஒருமுறையும் கழுவுங்கள். மஞ்சள் நிறம் வடிநீரோடு போய்விடும். வடிதாளில் பரப்பிக் காற்றில் உலரவிடுங்கள்.

தூய பென்ஸாயின் 134–136 டிகிரியில் உருகும். முழு விளைச்சல் என்றால் 9.4 கிராம். 6 முதல் 7 கிராம் வந்தால் முதல் முறைக்கு நல்ல கைதான்.

ஒன்றும் விழவில்லை என்றால் காரணம் பெரும்பாலும் காரக் கணக்கில் இருக்கும். 1.5 கிராம் தயமின் ஹைட்ரோகுளோரைடு என்பது 4.45 மில்லிமோல். அதோடு ஒட்டியுள்ள ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை நடுநிலையாக்க ஒரு பங்கு காரம், தயசோலியம் புரோட்டானைப் பிடுங்க இன்னொரு பங்கு, ஆக 8.9 மில்லிமோல். 3 மில்லி கரைசலில் இருப்பது 9. கையிருப்பு அவ்வளவுதான். பென்ஸால்டிஹைடில் எடைக்கு 5% பென்ஸோயிக் அமிலம் இருந்தால் அதுவே 3.9 மில்லிமோல் காரத்தைத் தின்றுவிடும், வினையூக்கியில் முக்கால்வாசிக்கும் மேல் விழிக்கவே விழிக்காது. சரி, காரத்தைக் கூட்டிப் போட்டுவிடலாமே என்றால் அதுவும் ஆகாது. காரம் மிஞ்சினால், அல்லது ஐஸ் இல்லாமல் மளமளவென்று ஊற்றினால், தயசோலியம் வளையம் திறந்து தயமின் செத்துப்போகும். சோடியம் ஹைட்ராக்சைடு வில்லைகள் கடலோர ஊர்களில் எடைபோடும் நேரத்துக்குள்ளேயே நசநசத்து எடை கூடும். 3 மோலார் என்று நினைத்துச் செய்த கரைசல் 2.6ஆக இருக்கலாம். ஆக்ஸாலிக் அமிலத்தோடு ஒரு டைட்ரேஷன் போட்டு உறுதிசெய்துகொள்வது நல்லது.

மருந்துக்கடை மாத்திரையைப் பொடித்துப் போடலாமா என்று புதியவர்கள் கேட்பதுண்டு. வேண்டாம். நிரப்பிகள் ஒருபுறம் இருக்க, பல மாத்திரைகளில் இருப்பது தயமின் மோனோநைட்ரேட். அதில் கூடுதல் அமிலம் இல்லாததால் மேலே சொன்ன காரம் தேவையைப்போல் இரு மடங்காகிவிடும்.

எண்ணெயாகப் பிரிந்து நின்றால் குடுவையின் உட்சுவரைக் கண்ணாடிக் குச்சியால் சுரண்டுங்கள். அல்லது முந்தைய குழுவின் பென்ஸாயின் ஒரு பொடியளவு வாங்கிப் போடுங்கள்.

மறுபடிகமாக்கல் என்னும் பெருஞ்செலவு

இப்போது நோட்டை எடுங்கள். 6.5 கிராம் கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம். உள்ளே போனவை: பென்ஸால்டிஹைடு 9.4, தயமின் 1.5, ஸ்பிரிட் 12.2, சோடியம் ஹைட்ராக்சைடு 0.36 கிராம். மொத்தம் 23.5. ஈ-காரணி 2.6.

அடுத்து எல்லாரும் செய்வது மறுபடிகமாக்கல், அதாவது சூடான கரைப்பானில் கரைத்து மறுபடி படிகமாக விழவைப்பது. பென்ஸாயினுக்குக் கிராமுக்கு 8 மில்லி கொதிக்கும் ஸ்பிரிட் வேண்டும். 6.5 கிராமுக்கு 52 மில்லி, அதாவது 42 கிராம். கையில் மிஞ்சுவது 6 கிராம் என்று கொண்டால் ஈ-காரணி ஏறக்குறைய 10. வினை முழுவதிலும் வந்த கழிவைப்போல் இரு மடங்குக்கும் மேல் ஒரே ஒரு மறுபடிகமாக்கலில் சேர்த்துவிடுகிறோம். தமிழ்நாட்டுக் கல்லூரிகளுக்கு ஸ்பிரிட் அனுமதியின்பேரில் அளந்து வரும் சரக்கு என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்த படிக்குப் போகும் பென்ஸாயினுக்கு இந்தத் தூய்மை வேண்டுமா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. வேண்டாம். நன்றாகக் கழுவி, பாதாம் வாசனை போகும்வரை உலர்த்திய கச்சாப் பென்ஸாயின் ஆக்சிஜனேற்றத்துக்குப் போதும். தொடரின் கடைசிச் சரக்கை மட்டும் படிகமாக்கினால் போதும். உருகுநிலை ஏட்டுக்காக மாதிரி தேவையென்றால் 100 மில்லிகிராமை மட்டும் சோதனைக்குழாயில் 0.8 மில்லி ஸ்பிரிட்டில் படிகமாக்குங்கள்.

இரண்டாம் படி: பென்ஸில்

பழைய முறையில் 10 கிராம் பென்ஸாயினுக்கு 50 மில்லி அடர் நைட்ரிக் அமிலம். ஒன்றரை மணி நேரம் பழுப்புப் புகை வந்துகொண்டே இருக்கும். ஃபியூம் ஹூட் சரியாக இழுக்காத லேபில் இதைச் செய்யவே கூடாது. அமிலத்தில் உள்ள தண்ணீரைக் கழித்தாலும் ஈ-காரணி 5க்கு மேல்.

மாற்று வழியில் ஆக்சிஜனேற்றம் செய்வது இரண்டு இணைதிறன் கொண்ட தாமிரம். அதுவும் துளியளவே. பென்ஸாயினிடம் எலக்ட்ரானை வாங்கி ஒற்றை இணைதிறனுக்கு இறங்கிய தாமிரத்தை நைட்ரேட் மறுபடி ஏற்றிவிடுகிறது. நைட்ரேட் நைட்ரைட்டாகிறது, அம்மோனியம் நைட்ரைட் சூட்டில் நைட்ரஜனும் தண்ணீருமாகப் பிரிகிறது. பழுப்புப் புகைக்குப் பதில் நாம் சுவாசிக்கும் காற்றில் முக்கால் பங்காக இருக்கும் அதே வாயு.

100 மில்லி உருண்டைக் குடுவையில் பென்ஸாயின் 5.3 கிராம், அம்மோனியம் நைட்ரேட் 2.5 கிராம், தாமிர அசிட்டேட் 0.05 கிராம், அசிட்டிக் அமிலம் 13 மில்லி, தண்ணீர் 3 மில்லி. காந்தக் கலக்கி போட்டு, கண்டென்சர் பூட்டி, ஃபியூம் ஹூட்டுக்குள் மெதுவாகச் சூடேற்றுங்கள். திடப்பொருள் எல்லாம் கரையும் தறுவாயில் நைட்ரஜன் பொங்கி வரும். அந்தச் சில நிமிடங்கள் கையை எடுக்காமல் நிற்க வேண்டிய நேரம். நுரை கழுத்தை நோக்கி ஏறினால் ஹீட்டரைக் கீழே இறக்குங்கள். அதற்குத்தான் 16 மில்லி கரைசலுக்கு 100 மில்லி குடுவை. பொங்கல் அடங்கியபின் ஒன்றரை மணி நேரம் ரிஃப்ளக்ஸ்.

முடிந்ததா என்று பார்க்க டி.எல்.சி. (மெல்லிய சிலிக்கா தகட்டில் கலவையைப் பிரித்துப் பார்க்கும் சோதனை) போடலாம்: எத்தில் அசிட்டேட் ஒரு பங்கு, ஹெப்டேன் நான்கு பங்கு. மேலே ஓடுவது பென்ஸில், கீழே தங்குவது பென்ஸாயின். இன்னும் எளிய சோதனை ஒன்று உண்டு. சில மில்லிகிராம் கச்சாப் பொருளை ஒரு மில்லி ஸ்பிரிட்டில் கரைத்து, 10% சோடியம் ஹைட்ராக்சைடு ஒரு சொட்டு விடுங்கள். ஊதா நிறம் தெரிந்தால் பென்ஸாயின் மிச்சமிருக்கிறது.

குளிரவைக்கும்போது கலக்கியை நிறுத்தாதீர்கள். பென்ஸில் 94–95 டிகிரியில் உருகுவது. கலக்காமல் விட்டால் எண்ணெயாகப் பிரிந்து அடியில் ஒரே வில்லையாக உறையும், தாமிரமும் அசிட்டிக் அமிலமும் உள்ளே மாட்டிக்கொள்ளும். 60 டிகிரி வாக்கில் ஒரு துளி பென்ஸில் படிகம் விதையாகப் போட்டால் மஞ்சள் ஊசிகளாக வரும். ஒரு மணி நேரம் விட்டு வடிகட்டி, நீலப் பச்சை போகும்வரை சிறிது சிறிதாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். 4.7 கிராம், அதாவது 90% வரை எதிர்பார்க்கலாம். ஈ-காரணி 3.6. இதையும் மறுபடிகமாக்க வேண்டாம்.

அம்மோனியம் நைட்ரேட்டைப் பற்றிக் கொஞ்சம் கறாராகவே சொல்ல வேண்டும். இது வலிமையான ஆக்சிஜனேற்றி. இந்தியாவில் 2012ஆம் ஆண்டு விதிகளின்கீழ் கட்டுப்பாட்டில் உள்ள சரக்கு. துறை வழியாக, தேவையான அளவு மட்டும் வாங்குங்கள். கரைப்பான் இல்லாமல் பென்ஸாயினோடு சேர்த்து அரைக்கவோ சூடாக்கவோ கூடாது. ஸ்பிரிட் ஈரம் உள்ள பென்ஸாயினை இந்தப் படிக்குக் கொண்டுவரக் கூடாது. இரண்டாம் அறுவடைக்கு ஆசைப்பட்டு வடிநீரை வற்றவிடவும் கூடாது. வடிநீரைச் சோடியம் கார்பனேட் கொண்டு நடுநிலையாக்கி நைட்ரேட் பாட்டிலில் சேருங்கள். நுரைக்கும், பெரிய பீக்கரில் செய்யுங்கள். அசிட்டோனும் ஸ்பிரிட்டும் இருக்கும் பாட்டிலில் அதை ஊற்றவே கூடாது.

மூன்றாம் படி: குவினாக்ஸலின்

பென்ஸில் 2.1 கிராமை 8 மில்லி சூடான ஸ்பிரிட்டிலும், ஆர்த்தோ-ஃபினைலீன்டைஅமின் 1.1 கிராமை வேறு 8 மில்லியிலும் கரைத்து ஒன்றாக ஊற்றுங்கள். வாட்டர் பாத்தில் அரை மணி நேரம். பிறகு லேசான கலங்கல் நிலைக்கும்வரை தண்ணீரைச் சொட்டாகச் சேர்த்து, ஆறவிட்டு, ஐஸில் வைத்து வடிகட்டுங்கள். உருகுநிலை 125–126 டிகிரி. இரண்டு தண்ணீர் மூலக்கூறுகள் மட்டுமே வெளியேறுவதால் அணுச் சிக்கனம் 89%. டைஅமின் நச்சுத்தன்மை உள்ளது, தோல் வழியாகவும் உள்ளே போகும், கையுறை கட்டாயம். பாட்டிலில் கறுத்துப்போயிருந்தால் விளைபொருளும் பழுப்பாகவே வரும்.

பழைய செய்முறைக் குறிப்புகளில் விளைச்சல் 51%, அதாவது 1.4 கிராம்தான். அந்தக் கணக்கில் ஈ-காரணி 10க்கு மேல். வினை பாதியில் நிற்பது இதற்குக் காரணமில்லை. சரக்கு வடிநீரிலும், அதன்பின் மறுபடிகமாக்கிய நீரிலும் கரைந்து போகிறது. முதலில் விழுந்த படிகத்தின் உருகுநிலையைப் பாருங்கள். 124க்கு மேல் கூர்மையாக உருகினால் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். 2.4 கிராம் கைக்கு வந்தால் ஈ-காரணி 5.7ஆக இறங்கும். புதுக் கெமிக்கல் எதுவும் வாங்காமல், ஒரு வேலையைச் செய்யாமல் விட்டதால் கிடைத்த லாபம் இது.

இந்த வினைக்கென்று நானோ துகள், அயனித் திரவம், தாங்கிமேல் ஏற்றிய அமிலம் என்று ஏராளமான "பசுமை வினையூக்கி" ஆய்வுத்தாள்களைப் பார்ப்பீர்கள். வினையூக்கியே இல்லாமல் அரை மணி நேரத்தில் முடியும் வினைக்கு அது எதற்கு என்று முதலில் கேளுங்கள். அந்த நானோ துகளைச் செய்யவும் கழுவவும் செலவான கரைப்பானும், உலையில் சுட்ட மின்சாரமும் அந்த ஈ-காரணியில் சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று அடுத்துப் பாருங்கள். வினையூக்கி இல்லாத கட்டுப்பாட்டுச் சோதனையைத் தராத தாளை ஓரமாக வைத்துவிடலாம்.

விளைபொருள் தானே விழுந்துவிடும் கரைப்பானைத் தேர்ந்தெடுப்பதன் பலன் எவ்வளவு என்பதற்குப் பெரிய அளவிலான சான்று மனச்சோர்வுக்குத் தரும் செர்ட்ராலின் மருந்து. அதிலும் அமினும் கார்பனைலும் சேர்ந்து இமின் ஆகும் படி உண்டு. தண்ணீரை உறிஞ்சி வினையை முன்னே தள்ளுவதற்காக டைட்டானியம் டெட்ராகுளோரைடைப் போட்டுவந்தார்கள். ஃபைசர் நிறுவனம் எத்தனாலுக்கு மாறியது. இமின் எத்தனாலில் கரையாமல் படிந்துவிட, வினை தானாகவே முன்னே நகர்ந்தது. டைட்டானியம் தேவையற்றுப் போயிற்று. டைகுளோரோமீத்தேன், டெட்ராஹைட்ரோஃபியூரான், டொலுயீன், ஹெக்சேன் ஆகிய நான்கின் இடத்தில் எத்தனால் வந்தது. 2002இல் அமெரிக்க அதிபரின் பசுமை வேதியியல் விருது இதற்குக் கிடைத்தது.

சொந்த ஆய்வில் கரைப்பான் மாற்றும்போது

ஹெக்சேனுக்குப் பதில் ஹெப்டேன் என்பது கண்ணை மூடிக்கொண்டு செய்யக்கூடிய மாற்றம். கரைக்கும் குணம் ஏறத்தாழ ஒன்றே. ஹெக்சேன் உடலில் 2,5-ஹெக்சேன்டையோனாக மாறி நரம்பைக் கெடுக்கும், ஹெப்டேனில் அந்தத் தொல்லை மிகக் குறைவு. விலை கூடுதல், ஆவியாக்க ரோட்டாவேப்பரில் கொஞ்சம் அதிக நேரம் பிடிக்கும்.

காலம் ஓட்ட டைகுளோரோமீத்தேன்–மெத்தனால் கலவைக்குப் பதிலாக, எத்தில் அசிட்டேட்டும் எத்தனாலும் மூன்றுக்கு ஒன்று கலந்து, அந்தக் கலவையை ஹெப்டேனில் படிப்படியாகக் கூட்டிப் பாருங்கள். பெரும்பாலான நடுத்தர முனைவுள்ள சேர்மங்கள் இறங்கிவிடும். டி.எல்.சி.யில் முதலில் பார்த்துவிட்டுப் போங்கள்.

டைஎத்தில் ஈதர் 35 டிகிரிக்குள் கொதிப்பது. கத்திரி வெயிலில் பிரிபுனலைத் திறக்கும் முன்பே பாதி போய்விடும். பிரித்தெடுக்க 2-மெத்தில்டெட்ராஹைட்ரோஃபியூரான் நல்ல மாற்று. ஃபர்ஃபுராலிலிருந்து, அதாவது கரும்புச் சக்கை, சோளக்கதிர்த் தண்டு போன்றவற்றிலிருந்து செய்யலாம். தண்ணீரோடு தெளிவாகப் பிரியும். ஆனால் பெராக்சைடு உருவாகும். பாட்டிலைத் திறந்த தேதியை எழுதி, வடிப்பதற்கு முன் பெராக்சைடு பட்டையால் சோதிக்காமல் தொடாதீர்கள்.

தண்ணீரில் செய்த வினை என்றாலே பசுமை என்று முடிவுகட்டிவிடாதீர்கள். 20 மில்லி தண்ணீரில் வினையை நடத்திவிட்டு, மும்முறை 50 மில்லி எத்தில் அசிட்டேட்டால் பிரித்தெடுத்தால் மொத்தம் 150 மில்லி கரிமக் கரைப்பானும், எத்தில் அசிட்டேட் கரைந்த 20 மில்லி நீர்க் கழிவும் மிச்சம். தண்ணீரில் விளைபொருள் திடமாக விழுந்து, வடிகட்டி எடுக்க முடிந்தால்தான் லாபம். பிரித்தெடுத்தே ஆக வேண்டுமானால் மூன்று 50 மில்லிக்குப் பதில் மூன்று 15 மில்லியால் தொடங்கி, நான்காவதை டி.எல்.சி.யில் புள்ளி வைத்துப் பாருங்கள். பெரும்பாலும் அதில் ஒன்றும் இருக்காது.

எத்தில் அசிட்டேட்டிலும் ஒரு கண்ணி உண்டு. முதல்நிலை அமின்களை அதில் கரைத்து இரவு முழுக்க வைத்தால் சிலவற்றில் அசிட்டமைடு கலந்துவரும். வலிய காரம் இருந்தால் எஸ்டரே உடையும். அப்படிப்பட்ட வினைகளில் கலக்கியை நிறுத்தியதும் பிரித்தெடுத்து, அன்றைக்கே ஆவியாக்கிவிடுங்கள், அல்லது 2-மெத்தில்டெட்ராஹைட்ரோஃபியூரானுக்கு மாறுங்கள்.